ஐந்து டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு: சோற்றின் புரதத்தை முழுமையாக்கும் கணக்கு

கறிக்கோழி வளர்க்கும் விவசாயியிடம் லைசின் என்றால் என்ன என்று கேட்டால் தடுமாறாமல் பதில் சொல்வார். தீவன மூட்டையின் மேல் அந்தப் பெயர் அச்சிட்டிருக்கும். மக்காச்சோளத்தில் லைசின் குறைவு என்பதால்தான் அதனுடன் சோயாப் புண்ணாக்கைக் கலக்கிறார்கள். அதுவும் போதாதபோது லைசினையும் மெத்தியோனைனையும் தூளாகவே வாங்கிச் சேர்க்கிறார்கள். அது குறைந்தால் ஆறு வாரத்தில் எடை ஏறாது, நட்டம் கண்கூடாகத் தெரிந்துவிடும்.

நம் வீட்டுச் சோற்றுப் பானைக்கு இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. மனிதன் ஆறு வாரத்தில் விற்பனைக்குப் போவதில்லை என்பதால் குறைபாடும் உடனே தெரிவதில்லை. வளரும் பிள்ளையின் உயரத்திலும், கர்ப்பிணியின் உடலிலும், முதியவரின் தசையிலும் மெல்ல மெல்லத்தான் தெரியும். 2019-21இல் நடந்த 5ஆவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தொற்றுநோய், சுகாதாரக் குறைவு, தாயின் உடல்நிலை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. உணவில் உள்ள புரதத்தின் தரமும் அவற்றில் ஒன்று. அதைச் சரிசெய்யும் வழி விவசாயியின் கையிலேயே இருக்கிறது.

அளவு வேறு, தரம் வேறு

100 கிராம் தீட்டிய அரிசியில் சுமார் 7 கிராம் புரதம் இருக்கிறது. துவரம் பருப்பு, பாசிப் பருப்பு, உளுத்தம் பருப்பு ஆகியவற்றில் 22 முதல் 24 கிராம் வரை உண்டு. இது அளவு. புரதத்தின் தரம் என்பது வேறு.

புரதம் பல அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சரம். அவற்றில் 9 வகையை நம் உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவில்தான் வர வேண்டும். கதம்பம் கட்டுபவரைப் பாருங்கள். மல்லி, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று வரிசை மாறாமல் கட்டிக்கொண்டே போகிறார். கனகாம்பரம் தீர்ந்துவிட்டால், மல்லி கூடை நிறைய இருந்தாலும் கதம்பம் அதோடு நின்றுவிடும். உடலிலும் அப்படித்தான். ஒரு அமினோ அமிலம் குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் தசையாகவோ இரத்தமாகவோ மாறாது. மிஞ்சியதை உடல் விறகைப் போல எரித்துவிடும்.

அரிசியில் குறைவாக உள்ள பூ லைசின். உலக உணவு மற்றும் வேளாண் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வல்லுநர் குழு அறிக்கையின்படி, 3 வயதுக்கு மேற்பட்டவர்கள் உண்ணும் 100 கிராம் புரதத்தில் 4.8 கிராம் லைசின் இருக்க வேண்டும். அரிசிப் புரதத்தில் சுமார் 3.6 கிராம்தான் இருக்கிறது. அதாவது தேவையில் நான்கில் மூன்று பங்கு. கோதுமை, சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றின் புரதத்தில் இது அரிசியைவிடவும் குறைவு. கோதுமையில் புரதத்தின் அளவு அதிகம், தரத்தில் அரிசியே மேல்.

பயறு வகைகளில் நிலைமை தலைகீழ். அவற்றின் புரதத்தில் 6.5 முதல் 7 கிராம் வரை லைசின் உண்டு. கந்தகம் கொண்ட மெத்தியோனைன், சிஸ்டைன் என்ற இரண்டும் அவற்றில் குறைவு. அரிசியில் அவை போதிய அளவு இருக்கின்றன. அரிசியில் இல்லாததைப் பருப்பும், பருப்பில் இல்லாததை அரிசியும் தருகின்றன.

இட்லி மாவின் கணக்கு

வீட்டில் நான்குக்கு ஒன்று என்று இட்லி மாவு அரைக்கிறோம். 400 கிராம் அரிசியில் 28 கிராம் புரதம். 100 கிராம் உளுந்தில் 23 கிராம். எடையில் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் உளுந்து, புரதத்தில் ஏறக்குறைய பாதியைத் தருகிறது. இரண்டும் சேர்ந்த மாவின் புரதத்தில் லைசின் 100 கிராமுக்கு சுமார் 4.9 கிராம். தேவை 4.8. நம் பாட்டிமார்கள் எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் இந்த அளவுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

உளுந்து விலை ஏறும்போது விகிதம் மாறுகிறது. ஆறுக்கு ஒன்று என்றால் லைசின் 4.6 ஆகவும், எட்டுக்கு ஒன்று என்றால் 4.5க்குக் கீழும் இறங்குகிறது. மொத்தப் புரதமும் குறைகிறது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் இப்போது பாக்கெட் மாவுதான். வேலைக்கு ஓடும் வீட்டில் அதைக் குறை சொல்ல முடியாது. வாங்கும்போது உளுந்து என்ன விகிதம் என்று கேளுங்கள். மாவு தயாரித்து விற்கும் மகளிர் குழுக்களும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும் 'நான்குக்கு ஒன்று' என்று பாக்கெட்டில் அச்சிட்டு விற்றால், அதுவே நல்ல விளம்பரம்.

வெண்பொங்கலில் இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பாசிப் பருப்பு போட்டால் லைசின் 5.7ஐ எட்டும். 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அதே அறிக்கை சொல்லும் அளவும் 5.7தான். குழந்தைக்கு முதல் உணவாகப் பாசிப் பருப்பு போட்டுக் குழைய வடித்த சாதத்தைத் தருவது சரியான பழக்கம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மதியச் சாப்பாட்டில்தான் குறை

காலை இட்லியும் பொங்கலும் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன. மதியச் சாப்பாட்டில்தான் கணக்கு இடிக்கிறது. 150 கிராம் அரிசியை வடித்து ஒருவர் சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கிடைக்கும் சாம்பாரில் 15 கிராம் பருப்பு இருந்தால், புரதத்தின் லைசின் 4.4 கிராம்தான். 30 கிராம் பருப்பு இருந்தால் 4.9 ஆகிவிடும். ஐந்து பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு என்பதே குறைந்தபட்ச அளவு. ஐந்து டம்ளர் அரிசி போட்டால் ஒரு டம்ளர் பருப்பு வேக வேண்டும்.

இது கணக்குப்படி வரும் எல்லைக்கோடு. நாம் உண்ணும் புரதம் முழுவதும் செரிப்பதில்லை என்பதால், இதற்கு மேல் இருப்பதே நல்லது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கு 2,000 கலோரி உணவில் 250 கிராம் தானியமும் 85 கிராம் பருப்பும் சேர்க்கச் சொல்கிறது. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. பருப்புக்குப் பதிலாக முட்டை, மீன், இறைச்சியும் எடுத்துக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் பரிந்துரைப்படி 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதமும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 46 கிராம் புரதமும் வேண்டும்.

பருப்பு இல்லாத நாளில் என்ன செய்வது? 150 கிராம் அரிசிச் சோற்றுக்கு ஒரு முட்டை போதும். அல்லது ஒரு டம்ளர் தயிர், அதாவது 150 மில்லி போதும். இந்த மூன்றில் எது சேர்ந்தாலும் லைசின் தேவை நிறைவேறிவிடும். பழவேற்காட்டிலிருந்து வரும் மீனும் கருவாடும் இதே வேலையைச் செய்யும். சிறு துண்டு போதும். ரசம் சாதம், எலுமிச்சை சாதம், புளி சாதம் என்று கட்டிக்கொண்டு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள், கூடவே ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி சுண்டலோ எடுத்துச் செல்லட்டும். பருப்பும் தயிரும் மாலைக்குள் சேர்ந்தாலும் உடல் ஏற்றுக்கொள்ளும். ஒரே வேளையில்தான் சேர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நிலக்கடலை ஈடு ஆகாது

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. திருத்தணி, ஊத்துக்கோட்டை பகுதிகளில் நிலக்கடலை நன்றாக விளைகிறது. அதில் புரதம் 24 கிராமுக்குக் குறையாது. ஆகவே சோற்றுக்குக் கடலைத் துவையல் போதும் என்று நினைக்கிறோம். நிலக்கடலைப் புரதத்தில் லைசின் அரிசியைப் போலவே குறைவு. புரதத்தின் அளவு கூடும், தரம் உயராது. கடலை நல்ல உணவுதான், கட்டாயம் சாப்பிடுங்கள். ஆனால் பருப்புக்கு மாற்றாக அதை எண்ண வேண்டாம். தேங்காய்ச் சட்னியில் புரதமே குறைவு. பொட்டுக்கடலைச் சட்னியில் அளவும் உண்டு, லைசினும் உண்டு.

சர்க்கரை நோய்க்காக இரவில் சப்பாத்திக்கு மாறியவர்கள் பலர். சப்பாத்திக்கு உருளைக்கிழங்கு மசாலா தொட்டுக்கொண்டால் லைசின் குறை அப்படியே நிற்கும். பாசிப் பருப்பு கடைசலோ கொண்டைக்கடலைக் குழம்போ தொட்டுக்கொண்டால் சரியாகிவிடும். கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் சாப்பிடுபவர்களும் மோர், கருவாடு, காராமணி என்று ஏதாவது ஒன்றைச் சேர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவைப் பின்பற்ற வேண்டும்.

ரேஷன் பையில் இருபதுக்கு ஒன்று

தமிழ்நாட்டில் பெரும்பாலான அரிசி அட்டைகளுக்கு மாதம் 20 கிலோ வரை அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. 30 ரூபாய்க்கு 1 கிலோ துவரம் பருப்பு கிடைக்கிறது. ஏழை வீட்டில் அடுப்பு எரிவதே இதனால்தான். ஆனால் இருபதுக்கு ஒன்று என்ற இந்த விகிதத்தில் லைசின் 4.1 கிராமைத் தாண்டாது. 20 கிலோ அரிசிக்குக் குறைந்தது 4 கிலோ பருப்பு வேண்டும். மீதி 3 கிலோவைக் கடையில் வாங்க வேண்டும். கையில் காசு குறையும்போது முதலில் குறைவது அந்த 3 கிலோதான்.

செறிவூட்டிய அரிசியில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்க்கப்படுகின்றன. இரத்தசோகையைக் கருதிச் செய்த ஏற்பாடு அது. அதில் லைசின் சேர்க்கப்படுவதில்லை. செறிவூட்டிய அரிசி சாப்பிடுகிறோம், பருப்பு எதற்கு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பள்ளிச் சத்துணவில் வாரம் 5 நாளும் தரப்படும் முட்டை இந்தக் குறையை நேரடியாகத் தீர்க்கிறது. பிள்ளைகள் அதை வீணாக்காமல் சாப்பிடுகிறார்களா என்று பெற்றோர் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நெல்லையே மாற்ற முடியாதா?

நியாயமான கேள்விதான். திருவள்ளூரை அடுத்த திரூரில் உள்ள நெல் ஆராய்ச்சி நிலையம் உலகறிந்த நிலையம். அங்கிருந்து வந்த டி.கே.எம். 6 ரகத்தின் தண்டுத் துளைப்பான் எதிர்ப்புத் திறன்தான் ஐ.ஆர். 20 ரகத்துக்குள் சென்றது. டி.கே.எம். 9, டி.கே.எம். 13 என்று இன்றும் நம் வயல்களில் அந்த நிலையத்தின் ரகங்கள் நிற்கின்றன. விளைச்சலையும் பூச்சி எதிர்ப்பையும் மாற்ற முடிந்த அளவுக்கு அரிசிப் புரதத்தின் தரத்தை மாற்றுவது எளிதாக இல்லை.

கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் சி.ஆர். தான் 310 என்ற ரகத்தை வெளியிட்டுள்ளது. அதில் புரதம் 10 விழுக்காட்டைத் தொடுகிறது. நல்ல முன்னேற்றம். மக்காச்சோளத்தில் 1964இல் கண்டறியப்பட்ட ஒரு மரபணுவைக் கொண்டு லைசின் மிகுந்த ரகங்களை உருவாக்கினார்கள். அந்த உழைப்புக்காக நம் நாட்டில் பிறந்த சுரிந்தர் வாசலும், மெக்சிகோவின் எவாஞ்சலினா வியேகாஸும் 2000ஆம் ஆண்டு உலக உணவுப் பரிசைப் பெற்றார்கள். நெல்லில் அப்படி ஒரு மரபணு இன்னும் வயலுக்கு வரவில்லை.

யூரியாவை அதிகம் போட்டால் அரிசியில் புரதம் கூடுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பூக்கும் தருணத்தில் இடும் தழைச்சத்து புரதத்தின் அளவைச் சற்றுக் கூட்டும். லைசின் பங்கு கூடாது. பயிர் சாய்வதும் குலைநோய் வருவதும்தான் மிச்சம். ஆகவே, நெல்லுக்குப் பக்கத்தில் பயறு நிற்பதே குறுக்கு வழி.

குடும்பத்துக்கு 35 சென்ட்

மாதம் 30 கிலோ அரிசி சமைக்கும் குடும்பத்துக்கு, ஐந்துக்கு ஒன்று என்ற கணக்கில் மாதம் 6 கிலோ பருப்பு வேண்டும். ஆண்டுக்கு 72 கிலோ. தோலும் உமியும் போக இவ்வளவு பருப்பு கிடைக்க, முழுப் பயறாகச் சுமார் 100 கிலோ தேவை. பாசனத்தில் ஓரளவு பராமரித்தாலே ஏக்கருக்கு 300 கிலோ உளுந்தோ பாசிப்பயறோ எடுக்கலாம். அப்படியானால் 35 சென்ட் நிலம் ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பருப்புத் தேவையை நிறைவு செய்யும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று பட்டமும் நெல் போடும் பழக்கம் உண்டு. திருநின்றவூர், திருமழிசை பக்கம் மனைகளுக்கு நடுவே வயல் சுருங்கினாலும், இருக்கும் நிலத்தில் நெல்லைத்தான் போடுகிறார்கள். சம்பா அறுவடைக்குப் பின் நிலம் முழுவதிலும் நவரை நடாமல், 35 சென்ட்டை மட்டும் தைப்பட்டப் பயறுக்கு ஒதுக்குங்கள். நெல்லுக்குத் தேவைப்படும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கூட இதற்கு வேண்டாம். 65 முதல் 75 நாளில் அறுவடைக்கு வரும். வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்த்துத் தருவதால், அடுத்து வரும் சொர்ணவாரி நெல்லும் பயனடையும்.

உளுந்தில் மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8, வம்பன் 11 ரகங்களைத் தேர்வு செய்யலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும், 35 சென்ட்டுக்கு 3 கிலோ. கிலோவுக்கு 4 கிராம் ட்ரைக்கோடெர்மா விரிடி கலந்து, பிறகு ரைசோபியம் உயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதைநேர்த்தி செய்து, நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி விடுங்கள்.

மணிச்சத்துக்கு சூப்பர் பாஸ்பேட் இடுவது நல்லது. அதில் கந்தகமும் இருக்கிறது. பயறில் குறைவாக உள்ள மெத்தியோனைன் உருவாகக் கந்தகம் வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். டி.ஏ.பி. மட்டும் இடுபவர்கள் அடியுரமாக ஜிப்சம் சேர்க்கலாம். பூக்கும் தருணத்தில் ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் 2 விழுக்காடு டி.ஏ.பி. கரைசல் தெளிக்க வேண்டும். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல் நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கித் தெளிக்கலாம். இதற்குப் பதிலாகத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயறு ஒண்டரை ஏக்கருக்கு 2 கிலோ வீதம் 200 லிட்டர் நீரில் கலந்து பூக்கும் தருணத்தில் தெளிக்கலாம். மஞ்சள் தேமல் கண்ட செடிகளை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழித்துவிடுங்கள். வெள்ளை ஈதான் நோயைப் பரப்புகிறது என்பதால் மஞ்சள் ஒட்டும் பொறிகளை வைப்பது உதவும்.

35 சென்ட் ஒதுக்க முடியாதவர்கள் வரப்பைப் பயன்படுத்தலாம். ஆடியில் வரப்பின் மேல் இரண்டு அடிக்கு ஒரு குழி எடுத்துத் துவரை ஊன்றினால், தனித் தண்ணீரோ தனி நிலமோ தேவையில்லை. வேலியில் அவரையும் மொச்சையும் ஏற்றலாம். புறநகர்ச் சந்தைகளில் பச்சை மொச்சைக்கும் காராமணிக்கும் எப்போதும் கிராக்கி உண்டு. வீட்டுக்குப் போக மிஞ்சியதை விற்கலாம்.

அறுவடை செய்த பயறை நன்கு காயவைத்து, விதைக்கு வேண்டியதை மட்டும் முழுதாக வைத்துக்கொண்டு, மீதியை உடைத்துப் பருப்பாக வையுங்கள். உடைத்த பருப்பில் வண்டுத் தாக்குதல் குறைவு. ஊருக்கு ஒரு சிறிய பருப்பு உடைக்கும் இயந்திரம் இருந்தால் வேலை எளிது. மதிப்புக்கூட்டும் இயந்திரங்களுக்கு வேளாண் பொறியியல் துறை மானியம் தருகிறது. விதைக்கும் தொழில்நுட்பத்துக்கும் திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தையும் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தையும் அணுகலாம்.

களப்பணியாளர்களுக்கு

பயறு சாகுபடிக் கூட்டங்களில் விளைச்சல், விலை, மானியம் ஆகியவற்றை மட்டுமே பேசுகிறோம். அடுத்த கூட்டத்துக்கு ஒரு தராசும் கொஞ்சம் அரிசியும் பருப்பும் எடுத்துச் செல்லுங்கள். 150 கிராம் அரிசியையும் 30 கிராம் பருப்பையும் எடை போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பக்கத்தில் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் தயிரும் இருக்கட்டும். நேற்று மதியம் வீட்டில் ஆளுக்கு எவ்வளவு பருப்பு போட்டீர்கள் என்று பெண்களிடம் கேளுங்கள். கணக்கை அவர்களே போட்டுக்கொள்வார்கள். அங்கன்வாடிப் பணியாளரையும் கூட்டத்துக்கு அழையுங்கள். பிள்ளைகளின் உயரமும் எடையும் அவருடைய பதிவேட்டில் இருக்கும், விதை உங்களிடம் இருக்கும்.

சம்பா அறுவடைக்கு முன்பே 3 கிலோ பயறு விதைக்குச் சொல்லி வைத்துவிடுங்கள். தை பிறந்த பிறகு தேடினால் நல்ல விதை கிடைக்காது.

(கட்டுரையாளர்: வேளாண் விஞ்ஞானி, உழவியலில் முனைவர் பட்டம் பெற்றவர்)